ஆல்ரெடி: வேலை முடிந்ததைச் சொல்வது எந்தச் சொல்?

கேள்வி: நான் கோலாலம்பூரில் ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தில், சுங்க ஆவணங்களைக் கவனிக்கும் பிரிவில் வேலை செய்கிறேன். தமிழ்ப்பள்ளியில் படித்து, பிறகு தேசிய இடைநிலைப்பள்ளியில் எஸ்பிஎம் என்ற ஐந்தாம் படிவத் தேர்வை முடித்தவள். அண்மையில் இங்கிலாந்திலிருந்து வந்து பொறுப்பேற்ற மேலாளருக்கு, 'தி கே1 டாக்குமெண்ட்ஸ் ஆல்ரெடி சப்மிட் டு கஸ்டம்ஸ்' என்று மின்னஞ்சல் அனுப்பினேன் (கே1 என்பது இறக்குமதிச் சரக்குக்கான சுங்க அறிவிப்புப் படிவம்). ஆவணங்கள் தயாராகிவிட்டன, இனிமேல்தான் சமர்ப்பிக்கப் போகிறார்கள் என்று அவர் புரிந்துகொண்டு, வாடிக்கையாளரிடமும் அப்படியே சொல்லிவிட்டார். அதை நம்பி அவர்கள் கொள்கலனை எடுக்க லோரியை அனுப்பாமல் இருந்துவிட்டார்கள். 'ஆல்ரெடி' என்பதை நீங்கள் எல்லோரும் ஏன் இப்படிப் பயன்படுத்துகிறீர்கள் என்று மேலாளர் பிறகு என்னிடம் கேட்டார்; எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. படிவம் மூன்றில் படிக்கும் என் மகளும், 'அம்மா, நீங்கள் பேசும் ஆங்கிலம் தப்பு' என்கிறாள். அலுவலகத்தில் எல்லோரும் அப்படித்தான் பேசுகிறோம், இதுவரை யாரும் குறை சொன்னதில்லை. இந்தச் சொல்லை எங்கே, எப்படிப் பயன்படுத்த வேண்டும்? நாங்கள் பேசுவது முழுக்கத் தவறா?

வாசகி, செந்தூல்

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் பேசுவது முழுக்கத் தவறு அல்ல. அலுவலகப் பணியாளர்களுக்கு ஆங்கிலம் பயிற்றுவிப்பவன் என்ற முறையில், இந்த ஒரு சொல்லுக்காகக் கூசிக் குறுகி நிற்கும் பலரை நான் பார்த்து வருகிறேன். அவர்களில் யாருடைய சிக்கலும் உண்மையில் 'ஆல்ரெடி' என்ற சொல்லில் இருந்ததில்லை. அது அந்தச் சொல்லுக்கு அடுத்து நிற்கும் வினைச்சொல்லில் இருந்தது. உங்கள் வாக்கியத்திலும் அப்படித்தான்.

உங்கள் மேலாளர் ஏன் அப்படிப் புரிந்துகொண்டார் என்று பார்ப்போம். ஆங்கிலத்தில் 'ஆல்ரெடி' என்று சேர்த்து எழுதினால் ஒரு பொருள். 'ஆல் ரெடி' என்று பிரித்து எழுதினால் 'முழுக்கத் தயார்' என்று வேறொரு பொருள். முன்னதே பின்னதிலிருந்து பிறந்ததுதான். பழைய ஆங்கிலப் பேச்சில் இரண்டு சொற்களாக நின்றவை காலப்போக்கில் ஒட்டிக்கொண்டு, பொருளிலும் விலகிப்போயின. இன்றும் இரண்டும் காதுக்கு ஏறக்குறைய ஒன்றுபோலவே ஒலிக்கும், எழுத்திலும் இவற்றை மாற்றி எழுதுபவர்கள் இங்கிலாந்திலேயே உண்டு. நீங்கள் எழுதிய வாக்கியத்தில் 'சப்மிட்' என்ற வினை எந்தக் காலத்தையும் காட்டாமல் மொட்டையாக நிற்கிறது. முடிந்துவிட்டது என்பதற்கான அடையாளத்தை அவர் வினையில் தேடியிருக்கிறார், அது அங்கே இல்லை. ஆகவே ஒரு 'டு' விடுபட்டிருக்கிறது என்று எடுத்துக்கொண்டு, 'சமர்ப்பிக்க முழுக்கத் தயார்' என்று அவராகவே வாக்கியத்தை நிரப்பிக்கொண்டார். அவருடைய மொழிப் பழக்கத்தில் அது இயல்பான வாசிப்பு. உங்களோடு வேலை செய்யும் மலேசியர் யாராக இருந்தாலும் அதே வாக்கியத்தை 'சமர்ப்பித்தாயிற்று' என்றுதான் படித்திருப்பார்கள்.

ஒரு வேலை முடிந்ததைத் தெரிவிக்கும் பொறுப்பை நம் ஊர் ஆங்கிலம் 'ஆல்ரெடி'யிடம் கொடுத்திருக்கிறது. பொது ஆங்கிலம் அந்தப் பொறுப்பை வினைச்சொல்லிடம் கொடுத்திருக்கிறது. மலாயில் வினை காலத்துக்கு ஏற்ப உருமாறுவதில்லை. 'சயா சுடா மாக்கான்' என்றால் சாப்பிட்டாயிற்று. அதில் 'மாக்கான்' அப்படியே இருக்க, முடிந்ததைச் சொல்வது 'சுடா'தான், பேச்சில் அது 'டா' என்று சுருங்கும். சீன மொழிகளிலும் வினை மாறாது. பினாங்கு ஹொக்கியனில் வாக்கியத்தின் இறுதியில் வரும் 'லியாவ்' இதே வேலையைச் செய்கிறது. இப்படிப்பட்ட மொழிகளைப் பேசுவோர் துறைமுகத்திலும் சந்தையிலும் பள்ளித் திடலிலும் தங்களுக்குள் ஆங்கிலம் பேசத் தொடங்கியபோது, 'சுடா'வுக்கும் 'லியாவ்'வுக்கும் பொருத்தமான ஆங்கிலச் சொல்லாக 'ஆல்ரெடி'யைக் கண்டெடுத்தார்கள். 1970ஆம் ஆண்டு தொடங்கி ஆங்கிலவழிப் பள்ளிகள் படிப்படியாக மலாய்வழிக்கு மாறிய பிறகு, நம்மில் பெரும்பாலோருக்கு ஆங்கிலம் என்பது வகுப்பில் ஒரு பாடமாகவும், வெளியே நண்பர்களிடமிருந்து பழகிக்கொண்ட பேச்சாகவும் ஆனது. ஆகவே 'ஹீ கோ ஹோம் ஆல்ரெடி' என்பது சோம்பலால் வந்த பிழை அல்ல. தனக்கென்று ஓர் ஒழுங்கு உடைய வழக்கு. மொழியியலாளர்களும் இதை மலேசிய, சிங்கப்பூர்ப் பேச்சு ஆங்கிலத்தின் இலக்கணக் கூறாகவே பதிவு செய்திருக்கிறார்கள்.

தமிழர்களாகிய நமக்கு இதில் இன்னொரு தொடர்பும் உண்டு. தமிழ் வினை காலம் காட்டும் என்றாலும், முடிந்துபோனதைச் சொல்ல நமக்கு 'ஆச்சு' என்ற ஒரு துணைவினை கைவசம் இருக்கிறது. 'சாப்பிட்டாச்சா?', 'அனுப்பியாச்சு', 'பணம் கட்டியாச்சு' என்று நாள் முழுக்கச் சொல்கிறோம். 'ஈட் ஆல்ரெடி?' என்ற கேள்வி நம் காதில் உறுத்தாமல் நுழைவதற்கு இதுவே காரணம்.

உங்கள் வாக்கியத்தின் உண்மையான சிக்கலும் இந்த 'ஆச்சு'வில்தான் இருக்கிறது, அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 'ஆவணங்களைச் சமர்ப்பித்தாச்சு' என்று தமிழில் சொல்லும்போது, சமர்ப்பித்தது நானா, என் சக ஊழியரா, நாங்கள் எல்லோருமா என்று சொல்ல வேண்டியதில்லை. செய்தவர் வாக்கியத்தில் இல்லாமலே அது முழுமை பெற்றுவிடுகிறது. ஆங்கிலம் அந்தச் சலுகையைத் தருவதில்லை. செய்தவரை முன்னால் நிறுத்தி 'வீ ஹேவ் சப்மிட்டட் தி கே1 டாக்குமெண்ட்ஸ்' என்று எழுத வேண்டும். அல்லது செய்தவரைச் சொல்ல விருப்பமில்லையென்றால் வினையைச் செயப்பாட்டு வினையாக மாற்றி 'தி கே1 டாக்குமெண்ட்ஸ் ஹேவ் பீன் சப்மிட்டட்' என்று எழுத வேண்டும். நீங்கள் 'டாக்குமெண்ட்ஸ்' என்று தொடங்கிவிட்டு வினையை அப்படியே விட்டதால், ஆவணங்களே எழுந்து போய் எதையோ சமர்ப்பிப்பதுபோல் அது நிற்கிறது. தமிழில் 'ஆச்சு' சுமந்துகொண்டிருந்த இரண்டு பொறுப்புகளை, அதாவது முடிந்தது என்ற செய்தியையும் செய்தவர் யார் என்பதை மறைக்கும் வசதியையும், நீங்கள் 'ஆல்ரெடி' என்ற ஒரே சொல்லின் தோளில் ஏற்றிவிட்டீர்கள். முதலாவதை நம் ஊரில் அது சுமக்கும். இரண்டாவதை எந்த ஊரிலும் அதனால் சுமக்க முடியாது.

இதற்கு வழி நம் மொழியிலேயே இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். மின்னஞ்சல் எழுதும் முன், மனத்தில் 'சமர்ப்பித்தாச்சு' என்று நினைப்பதற்குப் பதிலாக 'நாங்கள் சமர்ப்பித்திருக்கிறோம்' என்று நினைத்துப் பாருங்கள். 'சமர்ப்பித்து' என்ற எச்சமும் 'இருக்கிறோம்' என்ற துணைவினையும் சேர்ந்த அந்த அமைப்பு, 'ஹேவ் சப்மிட்டட்' என்பதற்கு மிக அருகில் நிற்கிறது. எழுவாயும் தானாகவே வந்து உட்கார்ந்துகொள்ளும். மலாயிலிருந்தோ சீனத்திலிருந்தோ ஆங்கிலத்துக்கு வருபவர்களுக்கு இந்தப் பாலம் கிடையாது, நமக்கு இருக்கிறது. ஒரே ஓர் எச்சரிக்கை: 'நேற்றே சமர்ப்பித்திருக்கிறோம்' என்று தமிழில் நேரத்தையும் சேர்த்துச் சொல்லலாம், ஆங்கிலத்தில் முடியாது. நேற்று, திங்கட்கிழமை, காலை 10 மணி என்று முடிந்துபோன ஒரு நேரத்தைக் குறிப்பிட்ட உடனே 'ஹேவ்' விலகிக்கொள்ள வேண்டும்; 'வீ சப்மிட்டட் தெம் யெஸ்டர்டே' என்பதே சரி. 'வீ ஹேவ் ஆல்ரெடி சப்மிட்டட் யெஸ்டர்டே' என்ற வாக்கியத்தை நம் அலுவலக மின்னஞ்சல்களில் தினமும் பார்க்கலாம், அதுவும் பல ஆண்டு அனுபவமுள்ள அதிகாரிகளின் எழுத்திலேயே.

அப்படியானால் பொது ஆங்கிலத்தில் 'ஆல்ரெடி' எதற்கு? எதிராளியின் எதிர்பார்ப்பைத் தொட்டுப் பேசுவதற்கு. நடந்த ஒன்றை அவர் இன்னும் நடக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது, அல்லது நினைத்ததற்கு முன்பாகவே அது நடந்துவிட்டபோது, அந்தச் சொல் வருகிறது. மாலையில் ஒவ்வொரு நாளும் அனுப்பும் வழக்கமான அறிக்கையில் 'வீ ஹேவ் சப்மிட்டட் தி டாக்குமெண்ட்ஸ்' என்றால் போதும், அங்கே 'ஆல்ரெடி'க்கு வேலை இல்லை. ஆனால் வாடிக்கையாளர் பதறிப்போய் 'இன்று 3 மணிக்குள் தயவுசெய்து சமர்ப்பித்துவிடுங்கள்' என்று எழுதியிருந்தால், 'வீ ஹேவ் ஆல்ரெடி சப்மிட்டட் தெம்' என்ற பதில் கனகச்சிதமாகப் பொருந்தும். நீங்கள் நினைப்பதற்கு முன்பே முடித்துவிட்டோம் என்ற ஆறுதல் அதில் இருக்கிறது. ஒரு வாக்கியத்தை எழுதிய பின் 'ஆல்ரெடி'யை மட்டும் அழித்துப் பாருங்கள். வேலை முடிந்தது என்பது அப்போதும் தெரிந்தால், உங்கள் வினை சரியாக இருக்கிறது என்று பொருள். அதன் பிறகு, படிப்பவர் வேறுவிதமாக நினைத்துக்கொண்டிருந்தாரா என்று யோசித்து, ஆம் என்றால் மட்டும் அதைத் திரும்பச் சேருங்கள். உங்கள் மின்னஞ்சலில் இதைச் செய்து பார்த்தால் மிஞ்சுவது 'டாக்குமெண்ட்ஸ் சப்மிட் டு கஸ்டம்ஸ்'. முடிந்ததா, முடிய வேண்டுமா என்று யாருக்கும் தெரியாது.

நம்மவர்கள் அதிகம் தடுக்கி விழும் இன்னோர் இடம் 'ஏற்கனவே'. தமிழ்ப் பேச்சுக்குள் 'ஆல்ரெடி'யைக் கொண்டுவரும்போது, 'நான் ஆல்ரெடி சொன்னேனே' என்று நாம் அதை வாக்கியத்தின் முன்பகுதியில் வைக்கிறோம். அங்கே அது 'ஏற்கனவே' என்பதன் மாற்று உடை. ஆங்கிலம் பேசும்போது 'ஐ டோல்ட் யூ ஆல்ரெடி' என்று இறுதியில் வைக்கிறோம். அங்கே அது 'சொல்லியாச்சு'. தமிழின் 'ஏற்கனவே' மிக அகலமான சொல். 'முன்பு ஒரு காலத்தில்' என்பதையும் அது குறிக்கும், 'இதற்குள்ளாகவே' என்பதையும் குறிக்கும். ஆங்கில 'ஆல்ரெடி' இரண்டாவதை மட்டுமே குறிக்கும். வேலைக்கான நேர்காணலில் 'நான் ஏற்கனவே பினாங்கில் வேலை செய்திருக்கிறேன்' என்பதை நினைத்துக்கொண்டு 'ஐ ஹேவ் ஆல்ரெடி வொர்க்ட் இன் பினாங்' என்று சொன்னால், பினாங்கு வேலை முடிந்தது, அடுத்து எந்த ஊர் என்று கேட்பதுபோல் அது ஒலிக்கும். 'ஐ ஹேவ் வொர்க்ட் இன் பினாங் பிஃபோர்' என்பதே அங்கே வேண்டியது. அதேபோல் 'ஏற்கனவே உள்ள வாடிக்கையாளர்' என்பதற்கு 'ஆல்ரெடி கஸ்டமர்' என்று எழுதத் தோன்றும். 'எக்ஸிஸ்டிங் கஸ்டமர்' என்று எழுதுங்கள். 'ஏற்கனவே இருந்த மேலாளர்' என்றால் 'ப்ரீவியஸ் மேனேஜர்'.

எதிர்மறை வாக்கியங்களில் கூடுதல் கவனம் வேண்டும், ஏனென்றால் அங்கே பொருளே தலைகீழாகப் போகக்கூடும். 'திஸ் ஃபார்ம் நோ நீட் ஆல்ரெடி' என்று நம் அலுவலகங்களில் சொல்வோம். இந்தப் படிவம் இனித் தேவையில்லை என்பது நமக்குத் தெளிவு. வெளிநாட்டவர் ஒருவருக்கு, 'நீட்' என்பதும் 'ஆல்ரெடி' என்பதும் கேட்டு, இடையில் 'நோ' எதற்கு வந்தது என்று புரியாமல் போகும். முன்பு இருந்து இப்போது இல்லாமல் போனதை ஆங்கிலத்தில் 'எனிமோர்' அல்லது 'நோ லாங்கர்' கொண்டு சொல்ல வேண்டும்: 'வீ டோன்ட் நீட் திஸ் ஃபார்ம் எனிமோர்', எழுத்தில் என்றால் 'திஸ் ஃபார்ம் இஸ் நோ லாங்கர் ரிக்குவயர்ட்'. இன்னும் நடக்காததற்கு 'நாட் யெட்'. இதில் நமக்குச் சிரமமே இல்லை, மலாயின் 'பெலும்' நம்மை நன்றாகப் பழக்கியிருக்கிறது. கேள்விகளிலும் 'யெட்' என்பதே நடுநிலையானது. 'ஹேவ் யூ ஈட்டன் யெட்?' என்றால் சாப்பிட்டீர்களா என்ற சாதாரண விசாரிப்பு. 'ஹேவ் யூ ஈட்டன் ஆல்ரெடி?' என்றால், அதற்குள்ளாகவா சாப்பிட்டுவிட்டீர்கள் என்ற வியப்பு கலந்துவிடும். விருந்துக்கு அழைத்துவிட்டு அப்படிக் கேட்டால் வந்தவர் சங்கடப்படுவார்.

வேலை செய்யும் இடத்தில் இலக்கணத்தைவிடவும் அதிகம் காயப்படுத்தக்கூடிய ஒன்று தொனி. நம் ஊர்க் காதுக்கு 'ஐ டோல்ட் யூ ஆல்ரெடி' என்பது 'சொல்லிவிட்டேன்' என்ற வெறும் தகவல். பொது ஆங்கிலக் காதுக்கு அது 'அதான் அப்போதே சொன்னேனே, திரும்பத் திரும்பக் கேட்கிறாயே' என்ற சலிப்பு. பேசியவருக்குக் கோபம் துளியும் இருக்காது. கேட்டவர் முகம் சுருங்கிவிடும். 'ஐ ஆல்ரெடி இமெயில்ட் யூ தி இன்வாய்ஸ்' என்று வாடிக்கையாளருக்கு எழுதுவதைத் தவிருங்கள். 'ஐ இமெயில்ட் தி இன்வாய்ஸ் ஆன் மண்டே. ஹியர் இஸ் அனதர் காப்பி' என்று நாளைச் சொல்லி, நகலையும் இணைத்துவிட்டால், நீங்கள் அனுப்பியது உண்மை என்பதும் நிலைநாட்டப்படும், அவரைக் குற்றம் சாட்டியதாகவும் ஆகாது. நீங்கள் சுங்கப் பிரிவில் இருப்பதால் பணத்தையும் காலக்கெடுவையும் நினைவூட்டும் கடிதங்களை அதிகம் எழுதுவீர்கள் என்று நினைக்கிறேன். அவற்றில் இந்தச் சொல்லைக் கண்டால் இரண்டு முறை யோசியுங்கள்.

சொல் நிற்க வேண்டிய இடத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். எழுத்தில் 'ஹேவ்', 'ஹேஸ்', 'ஹேட்' ஆகியவற்றுக்கும் முதன்மை வினைக்கும் நடுவில் வைத்தால் பெரும்பாலும் சரியாகவே இருக்கும்: 'பை தி டைம் தி லோரி அரைவ்ட், தி ஆஃபிஸ் ஹேட் ஆல்ரெடி க்ளோஸ்ட்'. அமெரிக்கர்கள் 'ஐ ஆல்ரெடி ஏட்' என்று 'ஹேவ்' இல்லாமலே சொல்வார்கள், அது அங்கே ஏற்கப்பட்ட வழக்கு. நம் பள்ளிகளும் தேர்வுகளும் பிரிட்டிஷ் மரபையொட்டியவை என்பதால் உங்கள் மகள் 'ஐ ஹேவ் ஆல்ரெடி ஈட்டன்' என்று எழுதுவதே நல்லது. அமெரிக்காவில் பொறுமை இழந்தவர்கள் 'எனஃப் ஆல்ரெடி!' என்று சொல்வதையும் கேட்டிருப்பீர்கள். யூதக் குடியேறிகளின் இத்திஷ் மொழியில் 'ஷோய்ன்' என்ற சொல் செய்த வேலையை அங்கே 'ஆல்ரெடி' எடுத்துக்கொண்டது. குடியேறிய மக்கள் இந்தச் சொல்லுக்குத் தங்கள் தாய்மொழியின் வேலையைக் கொடுத்தது மலாயாவில் மட்டும் நடந்ததல்ல என்பதை உங்கள் மேலாளரிடம் நீங்கள் தயங்காமல் சொல்லலாம். அவர் கேட்ட கேள்விக்கு அது நேர்மையான பதிலும் ஆகும்.

உங்கள் மகள் விஷயத்துக்கு வருகிறேன். அவள் கட்டுரைத்தாளில் 'ஹீ கோ ஹோம் ஆல்ரெடி' என்று எழுதினால் மதிப்பெண் குறையும். அதை அவள் தெரிந்துவைத்திருப்பது நல்லது. ஆனால் பக்கத்து மேசையில் இருக்கும் சக ஊழியரிடம் 'தி பாஸ் கோ பேக் ஆல்ரெடி' என்று நீங்கள் சொல்வதையும், அவர் தலையசைத்துவிட்டு வேலையைத் தொடர்வதையும் தப்பு என்று சொல்ல எனக்கு மனமில்லை. அந்தப் பேச்சு தமிழரும் மலாய்க்காரரும் சீனரும் ஒருவரை ஒருவர் தடையின்றிப் புரிந்துகொள்ள உதவும் பேச்சு. உங்கள் மகளே தோழிகளுக்குப் புலனத்தில் (வாட்ஸ்அப்) எழுதும் செய்திகளைப் பாருங்கள், அங்கே வாக்கிய முடிவில் 'ஆல்ரெடி' நிற்கும், அவசரத்தில் அது 'டி' என்றுகூடச் சுருங்கியிருக்கும். அம்மாவின் பேச்சைத் திருத்துவதற்குப் பதிலாக, எந்த இடத்தில் எந்த ஆங்கிலம் என்று இருவரும் சேர்ந்து பேசிப் பார்க்கலாம். உங்களிடமிருந்து அவள் கற்றுக்கொள்ளவும், அவளுடைய பள்ளிப் பாடத்திலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ளவும் நிறைய இருக்கிறது. வெளிநாட்டவரோடும் வாடிக்கையாளரோடும், அதிலும் எழுத்தில், பொது வடிவத்துக்கு மாறிக்கொள்ளும் பழக்கம் இருந்தால் போதும்.

அந்தப் பழக்கம் வர, புத்தகம் வாங்கவோ வகுப்பில் சேரவோ வேண்டியதில்லை. உங்கள் கணினியில், அனுப்பிய மின்னஞ்சல்கள் இருக்கும் பகுதிக்குப் போய் 'ஆல்ரெடி' என்று தேடுங்கள். வரும் ஒவ்வொரு வாக்கியத்திலும் முதலில் வினையைப் பாருங்கள்: 'சப்மிட்', 'பே', 'அப்ரூவ்' என்று மொட்டையாக நிற்கிறதா, 'ஹேவ் சப்மிட்டட்', 'ஹேஸ் பீன் பெய்ட்', 'வாஸ் அப்ரூவ்ட்' என்று உடுத்தி நிற்கிறதா? மொட்டையாக நிற்பவற்றை ஒரு தாளில் எழுதித் திருத்துங்கள். பிறகு எழுவாயைப் பாருங்கள்: செய்தது மனிதரா, பொருளா? பொருள் என்றால் 'பீன்' அல்லது 'வாஸ்' இருக்கிறதா? நீங்கள் அன்றாடம் எழுதும் வினைகள் பத்து பதினைந்துக்கு மேல் இருக்காது. சுங்கம், கட்டணம், ஒப்புதல், விடுவிப்பு என்று அவையேதான் சுழன்று சுழன்று வரும். அவற்றின் சரியான வடிவங்களை மேசையில் ஒட்டி வைத்துக்கொண்டால் சில வாரங்களில் விரல்களே பழகிவிடும்.

மேலாளருக்கு எழுதிய அந்த மின்னஞ்சலை இப்படி மாற்றிவிடுங்கள்: 'வீ சப்மிட்டட் தி கே1 டாக்குமெண்ட்ஸ் டு கஸ்டம்ஸ் அட் டென் திஸ் மார்னிங். வீ ஆர் வெயிட்டிங் ஃபார் தி ரிலீஸ்'. முதல் வாக்கியத்தில் நேரம் இருப்பதால் 'ஹேவ்' தேவையில்லை. இரண்டாவது வாக்கியம் அடுத்து என்ன நடக்க வேண்டும் என்பதைச் சொல்லிவிடுவதால், லோரியை எப்போது அனுப்பலாம் என்று வாடிக்கையாளரும் அதை வைத்தே முடிவெடுக்கலாம்.